ஐந்தாவது கெஜமா, இருபதாவது கெஜமா

எங்கள் பழைய அலுவலகத்தின் கைப்பேசிக் குழுவில் போன வாரம் ஒரு புதுப் பெண் கேட்டிருந்தார்: "ஒரு பதிவ மூணாவது தபா திருத்தணும்னா மேடம்கிட்ட கையெழுத்து வாங்கணுமாமே, இந்த ரூல எவங்க போட்டாங்க அக்கா?" கீழே வேறொருத்தி: "நம்ம சுகன்யா அக்காவாலதான்." அதற்குக் கீழே பதினாறு சிரிப்பு முகங்கள்.

விதிக்குக் காரணம் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் கதை ஆளுக்கொரு விதமாகச் சுற்றுகிறது. நான் அழுதேன் என்கிறார்கள், அமெரிக்காவுக்குப் போன் போட்டேன் என்கிறார்கள். நடந்ததை எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றியது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு எழுதினேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் என் கணவரே சிரிக்கிறார். ஆனால் ஆறு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மகளைப் பள்ளியில் சேர்த்த மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவளை வேறு எப்படிச் சொல்வது?

வேலை இதுதான். அமெரிக்காவில் ஒரு பந்தாட்டம் உண்டு. பெயரில் கால் இருந்தாலும் பெரும்பாலும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுவார்கள். அங்கே சின்னச் சின்னக் கல்லூரிகள் சனிக்கிழமை ஆடும் ஆட்டங்களின் காணொளி, ஞாயிறு காலையில் திண்டிவனத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துண்டையும் பார்த்து, பந்து எந்தக் கெஜத்தில் தொடங்கியது, எந்தக் கெஜத்தில் நின்றது, என்ன நடந்தது என்று பதிவு செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கே பயிற்சியாளர் காப்பி குடிக்கும்போது எல்லாம் தயாராக இருக்கும். அவருக்காக நாங்கள் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தியும் அந்தப் பந்தைத் தொட்டதில்லை.

பயிற்சி மூன்று வாரம். அதில் எங்களுக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. நான்குக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மறுபடி முதலிலிருந்து நான்கு. மூன்றிலும் முடியவில்லை என்றால், நான்காவதில் ஒருவர் வந்து பந்தை ஓங்கி உதைத்து எதிரணியிடம் அனுப்பிவிடுவார். அதற்குப் பன்ட் என்று பெயர்.

"கையில இருக்கறத எதுக்குங்க தூக்கிக் குடுக்கறான்? இன்னும் ஒரு தபா பாக்கலாம் இல்ல?" என்று கலைவாணி கேட்டாள். என் பக்கத்து நாற்காலிக்காரி. அதே கேள்விதான் எனக்கும். ஆனால் நான் கேள்வி கேட்பதற்கு முன்னால் அது கேட்கத் தகுந்த கேள்விதானா என்று யோசிப்பவள். அதற்குள் கலைவாணி கேட்டுவிடுவாள்.

பதில் சொன்னவர் எங்கள் மேற்பார்வையாளர் ஹெப்சிபா மேடம். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எங்களைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை விடியற்கால ஆராதனையை முடித்துவிட்டு வெள்ளைப் புடவையோடு நேராக வேலைக்கு வருவார். யாரையும் "தப்பு" என்று சொன்னதில்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று "அப்படியா?" என்பார். அந்த "அப்படியா"வில் மூன்று வகை உண்டு. மெதுவாகச் சொன்னால் இன்னொரு முறை பார்க்க வேண்டும். நீட்டிச் சொன்னால் பதிவு தவறு. சொல்லிவிட்டு, வறுத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, உரிக்க ஆரம்பித்தால், எழுந்து நிற்பது உத்தமம்.

அன்றைக்கு மேடம் மேசையில் இரண்டு மல்லாட்டைத் தோலை ஒரு முழம் இடைவெளியில் வைத்தார்.

"இது விழுப்புரம். இது திண்டிவனம். நீ விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் போவணும். எதிராளி திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரணும். ரோடு ஒண்ணுதான், பந்தும் ஒண்ணுதான். நீ கெளம்பி விழுப்புரம் பைபாஸ்கிட்டயே மாட்டிக்கினே. மூணு தபா முக்கிப் பாத்தே, நகரல. நாலாவது தபாவும் முக்கி, அங்கயே பந்த வுட்டா இன்னா ஆவும்?"

"அவன் எடுத்துக்குவான்."

"எடுத்துக்கினு ரெண்டு அடி வச்சா ஊருக்குள்ள பூந்துடுவான். அதுக்குப் பதிலா நீயே பந்த ஒதைச்சி திண்டிவனத்தாண்ட தள்ளி வுட்டுட்டா? அவன் மொத்த ரோடும் நடக்கணும்டி. பந்து போச்சி, ஆனா எடம் கெடச்சிது."

"கூட்டேரிப்பட்டு வரைக்கும் ஒதைச்சா போதுமாங்க, பாதி வழி?" என்றாள் கலைவாணி.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மேடம், கூட்டேரிப்பட்டு பாதி வழி இல்லைங்க. திண்டிவனத்துக்குத்தான் கிட்ட. நான் டெய்லி பஸ்ல வர்றேன்."

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு மேடம் ஒரு மல்லாட்டையை உரித்தார். நான் எழுந்து நின்றேன்.

பிறகு நுணுக்கங்கள் வந்தன. பந்து வானத்தில் எத்தனை நொடி தங்கியது என்று குறிக்க வேண்டும். அதிக நேரம் தங்கினால்தான் உதைத்த அணியின் ஆட்கள் ஓடிப் போய்ச் சேர நேரம் கிடைக்கும். ரொம்ப தூரம் உதைப்பதும் ஆபத்து. பந்து எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டி உருண்டுவிட்டால், அதை இருபதாவது கெஜத்தில் கொண்டுவந்து வைத்து எதிரிக்குக் கொடுத்துவிடுவார்கள். கோட்டுக்கு முன்னால் ஐந்தாவது கெஜத்தில் நின்றால் உதைத்தவர் கெட்டிக்காரர். இன்னும் ஐந்து கெஜம் உருண்டால் ஒன்றுக்கும் உதவாதவர். முதல் மாதம் நாங்கள் எல்லாரும் நீளமாக உதைத்தவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம். பிறகுதான் பாதியில் மெல்லக் கீழே இறங்கும் உதைகளுக்குக் கைதட்டப் பழகினோம்.

எனக்கு இந்த வேலை பொருந்தியது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை வேறு எங்கே கிடைக்கும்? வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை பார்த்தால் பேச்சு வாங்குவேன். இங்கே ஒரே துண்டை முப்பது முறை பார்த்தால் பொறுப்பானவள்.

மகள் பிறந்து, விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது அவளுக்கு ஒன்பது மாதம். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் என் கணவரின் அக்கா இருக்கிறார். அண்ணி என்று கூப்பிடுவேன். அவரிடம் குழந்தையை விட்டுவிட்டு காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறினால், திரும்பி வர மாலை ஏழு ஆகிவிடும். பேருந்தில் உட்கார்ந்து, குழந்தைக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுப்பார்களா, ஆறவைத்துக் கொடுப்பார்களா என்று யோசிப்பேன். விக்கிரவாண்டியில் ஒரு போன். கூட்டேரிப்பட்டில் ஒரு போன். "நாலு புள்ள வளத்தவ நானு, போன வைடி" என்பார் அண்ணி.

அந்த நேரத்தில்தான் நிறுவனம் விழுப்புரத்தில் ஒரு சின்னக் கிளை திறக்கப் போவதாகச் செய்தி வந்தது. மூன்றே நாற்காலி. அதில் ஒன்று எங்களில் ஒருவருக்கு, சரிபார்ப்பவர் பதவி. இடம் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். மதியம் வீட்டுக்கு வந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, தூங்க வைத்துவிட்டுத் திரும்பலாம். நிபந்தனை ஒன்றுதான்: அந்தப் பருவம் முழுக்க, வாடிக்கையாளர் புகாரில் ஒப்புக்கொண்ட தவறு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பருவம் முடிய மூன்று வாரம் இருந்தது. என் பெயரில் தவறு இல்லை. கலைவாணி பெயரிலும் இல்லை. ஆனால் நான் மூத்தவள்.

"உனக்குத்தான் சுகன்யா," என்று மேடமே சொல்லிவிட்டார். நான் வீட்டில் சொன்னேன். கணவர் தெருமுனைக் கடையில் சொன்னார். அண்ணி ஊருக்கே சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சென்னை அலுவலகத்திலிருந்து புகார் வந்தது. நாற்பத்தேழாம் எண் சட்டை போட்ட உதைப்பவரின் அம்மா எழுதிய கடிதம். அவர் பயிற்சியாளருக்கு எழுத, பயிற்சியாளர் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தார். அந்த அம்மாள் எழுதியிருந்தது இதுதான்: அடுத்த வருடத்துக்கு உதைப்பவர் இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். பருவத்தின் பதிவுகளை வைத்து முடிவெடுப்பார்கள். என் மகன் உதைத்த ஒரு பந்து ஐந்தாவது கெஜத்தில் நின்றது. உங்கள் பதிவில் கோட்டைத் தாண்டியதாக, இருபது என்று இருக்கிறது. நான் அங்கே உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன்.

பதிவு செய்தவள் நான்.

மேடம் என் கணினியில் அந்தத் துண்டை ஓடவிட்டார். அந்தக் கல்லூரியில் காணொளி எடுப்பவர் யாரோ ஒருவருடைய மாமாவாக இருக்க வேண்டும். பந்து பாதி உருளும்போது ஒரு சிவப்புக் குடை குறுக்கே வந்தது. குடை நகர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அடுத்த துண்டைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அடுத்த துண்டு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் பந்து நின்றிருக்கும். ஆனால் அடுத்த துண்டு பத்தாவது கெஜத்தில் தொடங்கியது! நடுவில் ஒரு துண்டு காணோம். மாமா ஏதோ தின்னப் போயிருக்கிறார்.

காணாமல் போன அந்தத் துண்டில் ஏதோ ஓர் அணி தப்பு செய்து, அபராதமாகப் பந்தை நகர்த்தியிருக்கிறார்கள். ஐந்தாவது கெஜத்தில் நின்று, உதைத்த அணி ஐந்து கெஜம் அபராதம் கொடுத்திருந்தால், பத்து. இருபதில் வைத்து, எதிரணி பத்துக் கெஜம் அபராதம் கொடுத்திருந்தால், அதுவும் பத்து.

மேடம் என் திருத்த வரலாற்றைத் திறந்தார். எங்கள் மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு சேர்த்துவைக்கும். முதலில் ஐந்து என்று போட்டிருந்தேன். பிறகு இருபது. பிறகு ஐந்து. பிறகு இருபது.

"அப்படியா?" என்றார் மேடம். மல்லாட்டையை எடுத்தார்.

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். "மேடம், குடைக்குப் பின்னாடி பாருங்க. கோடு போட்ட சட்டை. கைய பக்கவாட்டுல வீசறாரு. நம்ம கிரிக்கெட்டுல நாலு ரன்னுக்குக் காட்டற மாதிரி. கோட்டத் தாண்டினா நடுவர் அப்படித்தான காட்டுவாரு? அதப் பாத்துட்டுத்தான் மாத்தனேன்."

மேடம் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினார். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. வீசும் கை. இன்னும் பெரிதாக்கினார். மற்றொரு கையில் ஒரு காகிதக் கோப்பை, அதில் உறிஞ்சுகுழல்.

"நடுவரு கையில ஜூஸ் எதுக்கு சுகன்யா?"

நான் திரைக்குக் கிட்டே குனிந்தேன்.

"வவுறப் பாரு. இந்த வவுற வச்சிக்கினு எவன் நடுவரா ஓடுவான்? ஈ ஓட்டறான்டி அந்தாளு."

அலுவலகமே எழுந்து வந்து பார்த்தது. கலைவாணி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் ஒரு கல்லூரி அணியின் எதிர்காலத்தை ஈ ஓட்டிய ஒரு பார்வையாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

எல்லாரும் போன பிறகு மேடம் குனிந்து மெதுவாகப் பேசினார். "இத பாரு. அந்தாளு நடுவரு இல்லன்னு ஆயிப்போச்சி. அதனால இருபதுன்னு சொல்ல முடியாது. ஐஞ்சின்னும் சொல்ல முடியாது, குடை மறைக்குது. மூணாவது பட்டன் இருக்கில்ல, 'தெரியவில்லை'. அதப் போட்டுடு. அது தவறுல சேராது. விழுப்புரம் உனக்குத்தான்."

"இன்னொரு பத்து நிமிஷம் பாக்கட்டுங்களா?"

"எதுக்கு?"

நான் அதற்குள் மவுஸைப் பிடித்திருந்தேன். மேடம் கையை விரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் குடையைப் பார்க்கவில்லை. அதற்கடுத்த துண்டுகளை ஓடவிட்டேன். எதிரணி பத்தாவது கெஜத்திலிருந்து ஓடி ஆறு கெஜம் முன்னேறியது. அதற்கடுத்த துண்டின் ஓரத்தில் ஒருவர் ஒரு கம்பத்தைப் பிடித்து நிற்பார். கம்பத்தின் தலையில் எத்தனையாவது வாய்ப்பு என்ற எண் இருக்கும். என் பதிவில் இரண்டு என்று இருந்தது. மென்பொருள் தானாக நிரப்பிய எண் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில்தான் குழந்தை உடம்பில் சொறி என்று அண்ணி போன் செய்திருந்தார், கொசுக்கடியா அம்மையா என்று கேட்டுக்கொண்டே அடுத்த துண்டுக்குப் போயிருக்கிறேன். இப்போது படத்தை நிறுத்திப் பார்த்தேன். கம்பத்தில் இருந்தது ஒன்று.

ஒன்று என்றால் மறுபடி முதல் வாய்ப்பு. அபராதம் பந்தைத்தான் நகர்த்தும், எட்ட வேண்டிய இடத்தை நகர்த்தாது: ஐந்தில் தொடங்கியிருந்தால் பதினைந்து, இருபதில் தொடங்கியிருந்தால் முப்பது. ஆறு கெஜத்துக்கு அது கிடைக்க வேண்டுமானால், அவர்களுக்குத் தேவைப்பட்டது ஐந்து கெஜம்தான். பந்து இருபதிலிருந்து பின்னால் வந்திருந்தால் இருபது கெஜம் தேவைப்பட்டிருக்கும். ஆகவே பந்து நின்றது ஐந்தாவது கெஜத்தில். அதற்கடுத்த துண்டிலேயே அந்த அணி பந்தைப் பறிகொடுத்துவிட்டது. அதனால்தான் கணக்கு முரண்படாமல் என் தவறு தப்பித்திருந்தது.

அறையில் வேறு யாரும் என் திரையைப் பார்க்கவில்லை. மேடம் சொன்ன மூன்றாவது பட்டன் அங்கேயே இருந்தது. நான் மதியத்து நடையை நினைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரைக்கு இறங்கி, மருந்துக்கடை, மாவு மில், எங்கள் தெரு. குழந்தை வாசலில் தவழ்ந்து வரும். பிறகு அந்த அம்மாளை நினைத்தேன். கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியும் யாரும் நம்பாத நிலை எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம்தான் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்ன என்னை டாக்டர் உட்பட யாரும் நம்பவில்லை. பிறகு, அவர் மகனும் என் மகளும் ஒன்றா என்று நினைத்தேன். அவனுக்கு இருபது வயது, பால் குடிப்பதில்லை. பிறகு மறுபடியும் அந்த அம்மாள்.

மேடம் டீயோடு வந்தார்.

"மேடம், கம்பத்துல ஒண்ணு இருக்குங்க."

அவர் குனிந்து பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். 'அப்படியா' கூட வரவில்லை.

"உன்ன எவ பாக்கச் சொன்னா?"

"நீங்கதான மேடம், சந்தேகம்னா பாருன்னு..."

"அத எல்லாருக்கும் பொதுவா சொன்னேன். நீ மட்டும் எதுக்கு செய்யற?"

நான் "என் தவறு" என்ற பட்டனை அமுக்கினேன். அமுக்கிய பிறகு 'நிச்சயமாகவா?' என்று மென்பொருள் கேட்டது. என்னைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மேடம் என் தோள் வழியாகக் கையை நீட்டி, "இவ கிட்ட போய் கேக்குது பாரு," என்று 'ஆம்' என்பதைத் தானே அமுக்கினார். அன்று மாலையே மூன்றாவது திருத்தத்துக்குக் கையெழுத்து என்ற விதி சுவரில் ஒட்டப்பட்டது.

வீட்டில் என் கணவர் கேட்டார்: "எத்தினி கெஜம் வித்தியாசம்?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு கெஜம்னா, மூணு புடவைக்குக் கூட தேறாது. அதுக்கா?"

அந்த அம்மாளிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. கூடவே மேலும் பதினொரு புகார்கள். அந்தப் பருவத்தில் மகன் உதைத்தவற்றில் அவருக்குச் சந்தேகமானவை எல்லாம். ஒப்புக்கொண்டவளே பார்க்க வேண்டும் என்று மேடம் என் தலையில் கட்டினார். பத்தில் எங்கள் பதிவு சரி. ஒன்றில் தவறு: ஒன்பதாவது கெஜத்தில் நின்றதாக நாங்கள் போட்டிருந்த உதை உண்மையில் கோட்டைத் தாண்டியிருந்தது. திருத்தினோம். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு அந்த அம்மாள் எழுதவில்லை. ஆனால் அடுத்த பருவத்தின் முதல் வாரத்தில் நாற்பத்தேழாம் எண் மைதானத்துக்குள் வந்தபோது நான் சத்தமாகக் கைதட்டிவிட்டேன். உதை மோசமானது.

விழுப்புரம் நாற்காலி கலைவாணிக்குப் போனது. அவளுக்கும் அது தேவைதான், விழுப்புரத்துக்கும் அப்பால் கண்டாச்சிபுரத்திலிருந்து வருகிறவள். போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க வூட்டாண்ட போறேன், பாப்பாவ மதியானம் ஒரு தபா எட்டிப் பாத்துட்டு வர்றேன்," என்றாள். சொன்னபடி பார்த்தாள். அது எனக்கு ஆறுதலாக இருந்ததா, வயிற்றெரிச்சலாக இருந்ததா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

குழந்தை நடக்க ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை மதியம். நான் திண்டிவனத்தில் இருந்தேன். அண்ணி கைப்பேசியில் எடுத்து அனுப்பினார். பாய் விளிம்பில் குழந்தை எழுந்து நிற்கிறது. ஓர் அடி வைக்கிறது, இரண்டு, மூன்று. அங்கே அண்ணியின் கட்டைவிரல் குறுக்கே வந்து படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. அடுத்த காணொளியில் குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று இல்லை.

"பத்து அடி நடந்தா," என்றார் அண்ணி போனில்.

"பத்தா, நல்லாப் பாத்தீங்களா? நடுவுல விழுந்து தவழ்ந்து போயிருக்கலாம் இல்ல?"

"கண்ணால பாத்தேன்டி!"

வேலை முடிந்து பேருந்தில் அந்தக் காணொளியை முப்பது முறை பார்த்தேன். தரையின் ஓடுகளை எண்ணினேன். பாயிலிருந்து வாசற்படி வரை ஏழு ஓடு. நடந்தும் போயிருக்கலாம், பாதி நடந்து பாதி தவழ்ந்தும் போயிருக்கலாம். இரண்டுக்கும் முடிவு அதே வாசற்படிதான். வீட்டுக்கு வந்து குழந்தையை நிறுத்திவைத்தேன். என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதே தவிர ஓர் அடி வைக்கவில்லை.

தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தேதியைப் போட்டு, 'முதல் நடை, பத்து அடி' என்று பேனாவால் எழுதினேன். இன்றுவரை திருத்தவில்லை.